இஸ்திரிப்பெட்டியைக் கீழே வையுங்கள்

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காயும் மாசி, பங்குனியில்தான் எங்கள் பக்கத்தில் மாதிரி விமானம் விடுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும். நாஞ்சில் நாட்டு வயல்களில் ஒவ்வொன்றாக மனைக்கல் ஏறிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் அரிதாள் நிலத்தில் வரப்பு மட்டமாக உள்ள ஒரு துண்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, அருள்வாய்மொழிக் கணவாய்க் காற்று எழுவதற்கு முன்னால், விடிகாலையில் போய்விட வேண்டும். அப்படி ஒரு காலையில் கல்லூரிப் பையன் ஒருவன் புதிதாகச் செய்த இறக்கையைக் காரிலிருந்து இறக்கினான். முந்தைய இரவு கண்ணாடி மாதிரி இருந்ததாம். வெயிலில் பத்து நிமிடம் இருந்ததும் மேல்பக்கம் வாடிய வெற்றிலை போலச் சுருங்கி அலையலையாகிவிட்டது. சுற்றி நின்ற ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "சூடு போராதுடே. வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு சுத்து பெட்டியப் போடு."

நானும் அங்கே நின்றேன். வாய் திறக்கவில்லை. பையனின் அப்பாவும் பக்கத்தில் இருந்தார். காலங்காத்தாலே வாக்குவாதம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாதிரி விமானத்தின் இறக்கை என்பது ஒரு கூடு. பால்சா என்ற, தக்கைபோல் எடை குறைந்த மரத்தில் நீளவாட்டில் ஸ்பார், குறுக்கே வரிசையாக ரிப்புகள். அந்தக் கூட்டின் மேல் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளைத்தான் ஃபில்ம் என்கிறோம். அதன் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் சூட்டில் இளகும் பசை. சின்ன இஸ்திரிப்பெட்டியால் ஓரங்களை ஒட்டி, பிறகு நடுப்பகுதியைச் சூடாக்கினால் ஃபில்ம் சுருங்கி விறைக்கும். 1960களில் அமெரிக்காவின் டாப் ஃபிளைட் நிறுவனம் மோனோகோட் என்ற பெயரில் இதைப் பரப்பியது. அதற்கு முன்பு மெல்லிய காகிதத்தையோ பட்டையோ ஒட்டி, டோப் என்ற வார்னிஷ் போன்ற திரவத்தைப் பல முறை பூசுவார்கள். அந்த நாற்றம் மூன்று நாளுக்கு வீட்டை விட்டுப் போகாது. ஃபில்ம் வந்ததும் வேலை ஒரு மாலைக்குள் அடங்கிவிட்டது. அங்கேதான் வினையும் தொடங்கியது.

அந்த ஐந்து பேர் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கை இருக்கிறது. ஃபில்ம் என்பது விமானத்தின் சட்டை. உடம்பு உள்ளே முடிந்துவிட்டது, சட்டை பார்வைக்கு. ஆகவே கடைசி இரவில் மாட்டினால் போதும். கசங்கினால் தேய்த்தால் போதும். தேய்த்தும் கசங்கினால் துணி மட்டம், ஜெர்மன் ஃபில்ம் சுருள் வாங்கு. மைதானத்தில், கல்லூரிப் போட்டிக் கூடாரத்தில், காணொளிகளில், எங்கே கேட்டாலும் இதுதான் வேதம். இதில் ஒரு வரிகூடத் தேறாது என்பது என் கட்சி.

முதலில் அந்தக் கசங்கலை அளந்துவிடுவோம். இரண்டு ரிப்புகளுக்கு நடுவே 60 மில்லிமீட்டர் இடைவெளி. நடுவில் ஃபில்ம் 1 மில்லிமீட்டர் தொய்ந்திருக்கிறது என்று வையுங்கள். பார்க்கிறவன் முகம் சுளிக்கிற தொய்வு அது. அந்த வளைவின் நீளம் நேர்க்கோட்டைவிட எவ்வளவு கூடுதல்? பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பார்த்தால் 0.044 மில்லிமீட்டர் வரும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொய்வு 2 மில்லிமீட்டர் ஆனாலும் ஆயிரத்தில் மூன்று பங்கு, அவ்வளவே. நல்ல பாலியெஸ்டர் ஃபில்ம் சூட்டில் நூற்றுக்குச் சில பங்கு சுருங்கக்கூடியது. கடை பாக்கி பத்து ரூபாய், பையில் ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறையும் கொடுத்த பிறகும் பாக்கி தீரவில்லை என்றால் பணம் போதவில்லை என்றா சொல்வீர்கள்? பையில் ஓட்டை என்பீர்கள்.

ஓட்டை இருப்பது ஓரத்தில். ஃபில்மின் பசை சூட்டில் உருகிப் பிடிக்கிற வகை. பெரும்பாலான பாலியெஸ்டர் ஃபில்ம்களில் அது 100 டிகிரியை ஒட்டி இளகும். ஃபில்ம் முழுமூச்சாகச் சுருங்குவது 150ஐ ஒட்டி. பிராண்டுக்குப் பிராண்டு பத்து இருபது டிகிரி முன்பின் இருக்கும், மோனோகோட் இன்னும் கொஞ்சம் கூடுதல் கேட்கும், ஆனால் வரிசை மாறாது: முதலில் பசை, பிறகு சுருக்கம். இதன் பொருள் என்ன? நடுப்பகுதியைச் சுருக்கும் சூடு ஓரத்துக்குப் பரவினால், அங்கே பசை மறுபடி கூழாகும். அதே நொடியில் ஃபில்ம் முழுப் பலத்தோடு உள்பக்கம் இழுக்கும். பிடிமானம் தளரும்போதே இழுப்பு கூடுகிறது. ஓரம் அரை மில்லிமீட்டர் வழுக்கி வந்தால் போதும்; நீங்கள் சுருக்கியது அத்தனையும் அந்த வழுக்கலில் கரைந்துபோகும். பார்க்கிறவருக்கு "சூடு போதவில்லை" என்று தோன்றும். மறுபடி தேய்ப்பார். மறுபடி வழுக்கும்.

என் முதல் இறக்கையில் நான் இதைத்தான் செய்தேன். வீட்டு இஸ்திரிப்பெட்டியைப் பருத்திக்கான புள்ளி வரை திருகிவிட்டு ஒரு இரவு முழுக்கத் தேய்த்தேன். விடியும்போது ஃபில்ம் மங்கிப்போயிருந்தது, பின்விளிம்பு வாழைப்பழம்போல் வளைந்திருந்தது, கசங்கல் மட்டும் அப்படியே இருந்தது.

பருத்திப் புள்ளி என்றேன். இஸ்திரிப்பெட்டியில் ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. அதாவது மூன்றாவது புள்ளியில் ஃபில்மை நாம் சுருக்குவதில்லை, வேறொன்று செய்கிறோம். என்ன செய்கிறோம் என்று திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஸ்டென்டர் ஓட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். பாலியெஸ்டர் துணியை இருபுறமும் பிடித்து நிறுத்தி, 180, 200 டிகிரி சூட்டறைக்குள் ஓடவிடுவார்கள். ஹீட் செட்டிங் என்று அதற்குப் பெயர். அப்படி ஓடி வந்த துணி பிறகு சுருங்காது. சுருங்கக் கூடாது என்பதற்காகவே அந்த வேலை. பாலியெஸ்டர் ஃபில்ம் சுருங்குவதற்குக் காரணம், ஆலையில் அதை நீளத்திலும் அகலத்திலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே ஆறவைத்திருப்பதுதான். உள்ளே மூலக்கூறு இழைகள் பழைய நிலைக்குத் திரும்பக் காத்திருக்கின்றன. ஓரங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு 200 டிகிரியில் தேய்த்தால் அந்த ஏக்கம் அடங்கிவிடும். மோட்டார் இல்லாத ஒரு குட்டி ஸ்டென்டரை உங்கள் சாப்பாட்டு மேசையில் ஓட்டியிருக்கிறீர்கள். இதைச் செய்துவிட்டு, "இந்த ஃபில்ம் சுருங்கவே இல்லை, டூப்ளிகேட்" என்று விற்றவரைத் திட்டுகிறோம்.

இந்தத் தப்புக்கு ஒரு பழைய காரணம் உண்டென்று எனக்குத் தோன்றும். நம் ஊரில் எல்லோரும் பறை காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தொய்ந்த தோல் ஓசை எழுப்பும். ஈரக்காற்றில் மறுபடி தொய்யும், மறுபடி காய்ச்சுவார்கள். சூடு கொடுத்தால் விறைக்கும் என்ற பாடம் அங்கே மனதில் படிந்துவிட்டது. அந்தப் பாடம் தோலுக்குச் சரி. தோலிலிருந்து போவது ஈரம். போன ஈரம் திரும்பும், திரும்பியதை மறுபடி விரட்டலாம். ஃபில்மில் ஈரம் எதுவும் இல்லை. ஒருமுறை விட்டுக்கொடுத்த சுருக்கம் திரும்பி வராது. கைமுதலைச் செலவழிப்பதுபோல்தான் அதைச் செலவழிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பறை காய்ச்சுகிறவர் தீயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார், நொடிக்கொருதரம் சுண்டிப் பார்ப்பார். தோலைத் தீயில் சாத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன பறைக்காரரை நான் பார்த்ததில்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு போனில் பேசுகிற மாதிரி விமானக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கைமுதலில் ஒரு பங்கை ஏன் இறுக்கமாகச் சேர்த்து வைக்க வேண்டும்? அந்தக் காலைநேர வயலுக்கே திரும்புவோம். அறையில் 30 டிகிரியில் இருந்த ஃபில்ம், வெயிலில், அதுவும் அடர்நிறமாக இருந்தால், 70 டிகிரியைக்கூடத் தொடலாம். பாலியெஸ்டர் ஃபில்ம் டிகிரிக்கு மில்லியனில் 17 பங்கு விரியும். 40 டிகிரிக்கு எவ்வளவு? ஆயிரத்தில் 0.68 பங்கு. மேலே போட்ட கணக்கில் 1 மில்லிமீட்டர் தொய்வுக்கு வந்த எண்ணும் கிட்டத்தட்ட இதுவேதான். மரத்தின் நீளவாட்டு விரிவு இதில் சின்னப் பங்கு. ஆகவே இறுக்கத்தில் கையிருப்பு இல்லாமல் வெறும் வழவழப்போடு நிற்கும் இறக்கை, அந்தச் சூட்டில் 1 மில்லிமீட்டர் வரை தொய்ந்தே தீரும். அந்தப் பையனின் இறக்கையில் நடந்தது இதுதான். இரவில் கண்ணாடி மாதிரி இருந்தது என்று அவன் சொன்னது பொய்யில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது, விறைப்பாக இல்லை. இரண்டும் வேறு வேறு. விறைப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் சுண்டினால் ஓசை சொல்லும்.

சட்டைக் கொள்கைக்கு இதோடு விடுதலை கொடுக்க மாட்டேன். அதன் வேரே தப்பு.

செருப்புக் கடையில் கொடுக்கும் அட்டைப்பெட்டியை எடுங்கள். மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் துவளும். மூடியைப் போட்டு விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். அதே அட்டை, மரம் மாதிரி நிற்கும். மூடிய குழாய் முறுக்கத்தை எதிர்க்கும், திறந்த தொட்டி எதிர்க்காது. போர்த்தாத பால்சா இறக்கையை முறுக்கினால் பாயைப்போல் முறுகும். மேலும் கீழும் ஃபில்ம் விறைப்பாக ஒட்டியபின் முறுக்கிப் பாருங்கள். ஸ்பார் வளைவைத் தாங்கும். இப்படித் திறந்த கூடாக உள்ள இறக்கையில் முறுக்கத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்தப் போர்வைக்குத்தான். மெல்லிய தகடு சுருக்கம் விழுந்த பிறகும் மூலைவிட்ட இழுவையால் எப்படிச் சுமை தாங்குகிறது என்று ஹெர்பர்ட் வாக்னர் 1929லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஃபில்மும் அப்படித்தான் வேலை செய்கிறது, ஒரு நிபந்தனையோடு: தொய்வு முதலில் தீர வேண்டும். தொய்ந்த ஃபில்ம் முதல் இரண்டு மூன்று டிகிரி முறுக்கத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கும். வேகத்தில் இறக்கை படபடக்கத் தொடங்குவது அந்த இரண்டு மூன்று டிகிரியில்தான்.

ரைட் சகோதரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1903 விமானத்தின் மஸ்லின் துணியை அவர்கள் நேராக விரிக்காமல் 45 டிகிரி சாய்த்து வெட்டிப் போர்த்தினார்கள். நூல்கள் குறுக்குக் கம்பிகளைப்போல் சட்டத்தை இறுக்கட்டும் என்பதுதான் நோக்கம். பார்வைக்கு என்றால் நேராகப் போர்த்தியிருப்பார்கள், துணியும் மிச்சமாகியிருக்கும். 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த காசமர் அல்பட்ராஸ் விமானத்தின் உறை, வெப்பத்தால் இறுக்கிய மைலார் என்ற பாலியெஸ்டர் ஃபில்ம். நம் கையில் இருக்கும் சுருளின் சொந்தக்காரன் அது. வடிவமைத்த பால் மக்கிரெடி இளவயதில் மாதிரி விமானப் போட்டிகளில் வென்றவர். ஆள் ஏறிப் பறக்கும் பெரிய விமானங்களிலும் பாலியெஸ்டர் துணியைச் சூட்டால்தான் இறுக்குகிறார்கள். பாலி-ஃபைபர் முறையில் முதலில் 121 டிகிரியில் ஒரு சுற்று, கடைசியில் 177 டிகிரியில் ஒரு சுற்று. அதற்கு மேல் போகக் கூடாது என்று கட்டளை, இஸ்திரிப்பெட்டியைத் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்தபின் தொட வேண்டும் என்று இன்னொரு கட்டளை. 1958ல் முதலில் பறந்து, நம் நாட்டுப் பறப்புக் கழகங்களில் பல தலைமுறைக்குப் பயிற்சி தந்த எச்.ஏ.எல். புஷ்பக்கும் துணி போர்த்திய விமானம்தான். அதன் துணியைச் சட்டை என்று அதன் மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கும் மசியாதவர்களுக்கு ஒரே கேள்வி. இறக்கை நுனியில் வாஷ்அவுட் வைக்க, அதாவது பின்விளிம்பைச் சற்றே மேலே தூக்கி முறுக்கி நிறுத்த, நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஃபில்மைச் சூடாக்குகிறீர்கள். கையை விட்டதும் இறக்கை அந்த முறுக்கத்திலேயே நிற்கிறது. சட்டையைத் தேய்த்தால் எலும்பு வளையுமா?

இப்போது எதிர்க்கட்சியின் நல்ல வாதங்களுக்கு வருகிறேன். அவற்றை விழுங்கிவிட்டுப் போனால் நேர்மை ஆகாது. ஒன்று, மேலும் கீழும் பால்சாப் பலகையால் முழுதாக மூடிய இறக்கை. அதில் முறுக்கத்தைப் பலகையே தாங்கிவிடும், ஃபில்மின் பங்கு அற்பம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடும்சூடு அங்கேதான் அதிகம் கெடுக்கிறது. பலகைக்குள் ஈரமும் காற்றும் அடைந்திருக்கும். 200 டிகிரிப் பெட்டி படும்போது அவை விரிந்து கொப்புளமாக எழும். பலகைக்குக் கீழே தெர்மாகோல் கருவாக இருந்தால் கதை இன்னும் மோசம்: அது 100 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். மேலே கசங்கல் போயிருக்கும், உள்ளே பலகை கருவை விட்டு எழுந்திருக்கும்.

இரண்டாவது வாதம், ஃபோம் விமானம். ஃபில்மே இல்லாமல் வாங்கிய அன்றே பறக்கிறது. இந்தப் பால்சாத் தொல்லை எதற்கு என்று கேட்கிறார்கள். பறக்கட்டும். நானும் என் அக்கா மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முட்டினால் ஒட்டிக்கொண்டு மறுபடி விடலாம், பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. ஆனால் ஃபோம் பறக்கிறது என்பது பால்சாவின் மேல் ஃபில்மைக் கருக்குவதற்கு நியாயம் ஆகாது. ரப்பர் செருப்பு மலிவு என்பதற்காகத் தோல் செருப்பை அடுப்பில் காயவைப்பவர் உண்டா?

கடைசி இரவு என்ற வழக்கத்தைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரம் தன் எடையில் சுமார் 16 சதவீதம் நீரைப் பிடித்துக்கொள்ளும்; 50 சதவீதம் என்றால் 9. நீளவாட்டில் மரம் அசையாது. குறுக்குவாட்டில் அசையும்: இந்த வித்தியாசத்துக்கு, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பால்சாப் பலகை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் குறுகக்கூடும். முன்விளிம்பைச் சுற்றிப் பலகை போர்த்திய இறக்கையில் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது மேலே சொன்ன 0.044க்கு முன்னால் மலை. மழைநாள் இரவில், ஈரம் குடித்த கூட்டின் மேல் ஃபில்மைப் போட்டுவிட்டுக் காலை வெயிலில் அதைக் காயவிட்டால், மரமே ஃபில்முக்கு அடியிலிருந்து நழுவிப் போய்விடுகிறது. உலகத்து இஸ்திரிப்பெட்டிகளை எல்லாம் அடுக்கினாலும் அதைப் பிடிக்க முடியாது.

என் வீட்டில் அம்மாவின் பத்தாயம் ஒன்று கிடக்கிறது. நெல் கொட்டி முப்பது வருடம் ஆகியிருக்கும். கூட்டை இரண்டு நாள் அதற்குள் வைத்து, 60 வாட்ஸ் பல்பு ஒன்றை எரியவிட்டு மூடிவிடுவேன். மூன்றாம் நாள் எடுத்து, முழு இறக்கையையும் உப்புத்தாளால் கடைசியாக ஒருமுறை தேய்த்து, ஈரமில்லாத துணியால் தூசியைத் துடைத்தபின்தான் சுருளை விரிப்பது. தூசி இருக்கும் இடத்தில் பசை தூசியைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. பிறகு ஓரம் வழுக்காமல் என்ன செய்யும்? பத்தாயம் இல்லாதவர்கள் அலமாரியை வைத்துக்கொள்ளலாம். மனைவியின் பட்டுச்சேலைகளை முதலில் எடுத்துவிட வேண்டும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜெர்மன் சுருளுக்கு வருவோம். லைப்சிக்கின் ஒராகவர் நல்ல ஃபில்ம், மறுக்கவில்லை. மோனோகோட்டும் நல்ல ஃபில்மாகத்தான் இருந்தது. அதன் தாய்நிறுவனம் ஹாபிகோ 2018ல் திவாலாயிற்று. பிராண்டை நம்பிக் கற்றவர்களுக்கு அன்றைக்குத் தொழில் மறந்துபோனதுபோல் ஆகிவிட்டது. வேலையின் இயல்பைக் கற்றவருக்கு எந்தச் சுருளும் வேலை செய்யும். வழி எளிது. சுருளின் ஓரத்திலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டி, அதில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றை நீளவாட்டிலும் ஒன்றைக் குறுக்கேயும் போடுங்கள். பசைப்பக்கத் தாளை உரித்து, பெட்டியை முதல் புள்ளியில் வைத்து லேசாகக் காட்டி ஸ்கேலில் அளங்கள். பிறகு இரண்டாவது புள்ளி. இரண்டு திசையிலும் எந்தச் சூட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்பது பத்து நிமிடத்தில் கையில் இருக்கும். சுருள் பெட்டியின் மேல் அச்சடித்த எதையும்விட அது உண்மை. பாலிப்ரொப்பிலீன் வகை, பழைய சோலார்ஃபில்ம் போன்றது, குறைந்த சூட்டிலேயே வேலை முடித்துவிடும். 160 டிகிரியில் உருகியே போகும். பாலியெஸ்டர் 250 வரை உருகாது. இரண்டையும் ஒரே சூட்டில் தேய்க்கச் சொல்கிற எந்த ஆலோசகரையும் நம்பாதீர்கள்.

சூட்டை அளப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொரோனாக் காலத்தில் வாங்கிய, நெற்றிக்குக் காட்டும் தெர்மாமீட்டரை இஸ்திரிப்பெட்டிக்குக் காட்டிவிட்டு "எர்ரர் வருது அண்ணே" என்று ஒருவர் கேட்டார். அது காய்ச்சல் அளவோடு நின்றுவிடும். தொழிற்சாலை வகை வாங்கினாலும், பளபளப்பான அடித்தகட்டில் நேரே காட்டினால் குறைத்துத்தான் சொல்லும். அடித்தகட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதைக் குறிபார்த்தால் உண்மை வரும். வீட்டுப் பெட்டியின் தெர்மோஸ்டாட் பல டிகிரிகள் ஏறி இறங்கும் என்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள். வடசேரிப் பக்கம் சிரட்டைக்கரிப் பெட்டி வைத்துத் தேய்க்கிறவரிடம் தெர்மாமீட்டர் இல்லை. ஆனாலும் பட்டுச்சேலை வந்தால் நேராகப் பெட்டியை வைக்க மாட்டார். தண்ணீர்த் துளி ஒன்றைத் தெறித்துப் பார்ப்பார், பழைய துணியில் ஒரு இழுப்பு இழுப்பார், ஆறவிடுவார். அவர் கையில் ஒரு சுருளைக் கொடுத்திருந்தால் அந்த ஐந்து பேரைவிட நன்றாகப் போர்த்தியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

என் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. முதல் புள்ளியில் ஓரம் முழுவதையும் சுற்றி ஒட்டு. அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் அதன் மேல் மடியட்டும். ஆறவிடு. ஆறிய ஓரத்தை மறுபடி ஒருமுறை அழுத்து, மறுபடி ஆறவிடு. நடுப்பகுதியை மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றிச் சுருக்கு. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பின்விளிம்பு வாழைப்பழமாகும். ஓரத்துக்கு ஒரு விரற்கடைக்குள் சூடு போகக் கூடாது; ஈரத்துணியை ஓரத்தில் போட்டுக்கொண்டு செய்கிறவர்களும் உண்டு. தொய்வு மறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது, இன்னும் கொஞ்சம் இழுவை ஏறும் வரை போக வேண்டும்; ஆனால் கைமுதலில் பாதியாவது மிச்சமிருக்கும்போது பெட்டியை வைத்துவிட வேண்டும். இத்தனைக்கும் பெரும்பாலும் இரண்டாவது புள்ளிக்கு மேல் தேவைப்படாது.

"இவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பால்சா இந்த மண்ணின் மரம் இல்லை. பெரும்பாலும் தென்னமெரிக்காவில் வெட்டிக் கடல் கடந்து வருகிறது. முப்பந்தலில் சுழல்வது போன்ற பெரிய காற்றாலைகள் பலவற்றின் இறக்கைகளுக்குள்ளேயும் அந்த மரம்தான். 2020ஐ ஒட்டிக் காற்றாலைத் தொழில் உலகச் சந்தையில் பால்சாவை அள்ளிக்கொண்டபோது விலை எகிறியதை இந்தப் பொழுதுபோக்கில் இருந்த எல்லோரும் உணர்ந்தோம். அப்படிப்பட்ட மரத்தில் ரிப் ரிப்பாக ஒரு மாதம் உட்கார்ந்து கூடு கட்டுகிற நேரம் இருந்ததே. போர்த்துவதற்கு மட்டும் ஒரே இரவா?

அந்தப் பையன் அடுத்த வாரமும் வந்தான். சொன்னபடி இன்னும் ஒரு சுற்றுத் தேய்த்திருந்தான். ஃபில்ம் கண்ணாடிபோல்தான் இருந்தது, இடது இறக்கை நுனி மட்டும் கீழே முறுக்கியிருந்தது. தூக்கி எறிந்ததும் இடப்பக்கமாகவே சரிந்து வரப்பில் போய் விழுந்தது. மோட்டாரைக் குறை சொன்னார்கள். இந்த முறை நான் அவனைத் தனியாக அழைத்து, உடையாமல் மிஞ்சிய வலது இறக்கையைக் கையில் வாங்கி, பின்விளிம்பில் விரல் நகத்தை வைத்து மெல்லத் தள்ளினேன். ஃபில்ம் சத்தமில்லாமல் மரத்தை விட்டு எழுந்தது.

உங்கள் இறக்கையில் சுருக்கம் விழுந்தால் பெட்டியை மின்இணைப்பில் செருகும் முன், அதே ஓரத்தை நகத்தால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.